சம்யு வைத்த மினுமினுப்புகள்

ஜூன் 9, திங்கள்

புது ஜட்ஜ் அம்மா வாய்க்குள்ளேயே பேசுகிறார். கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்ததும் மாற்றலாகி வந்தவர். பழைய ஜட்ஜ் பேசினால் வராந்தாவில் நிற்கும் போலீஸ்காரர் வரைக்கும் கேட்கும். இவர் சொல்வதை எழுத, நாற்காலி நுனிக்கு வந்து குனிய வேண்டியிருக்கிறது. பதினாறு வருஷமாகக் கோர்ட்டில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருக்கிறேன். ஒருநாளும் இப்படிக் கழுத்து வலித்ததில்லை.

சாட்சிகளும் அப்படித்தான். இந்தக் காலத்தில் யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை.

மாவு புளித்துவிட்டது. நாளைக்குத் தோசைதான்.

ஜூன் 12, வியாழன்

சூரத்திலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். நூல் கம்பெனியில் ஆள் குறைவாம், ஆடிப்பெருக்குக்குத்தான் வர முடியுமாம். மகள் சம்யு சொல்லித்தான் தெரியும். நான் பேசியபோது சிக்னல் சரியில்லை. "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு போனை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சம்யு ஒன்பதாவது வந்துவிட்டாள், ஆனாலும் அந்த விளையாட்டை விடவில்லை. அதில் அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்த்துவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் என்னையும் உள்ளே இழுத்துவிட்டாள்.

எல்லாமே கட்டை கட்டையான உலகம். மரம் சதுரம், மேகம் சதுரம், மாடும் சதுரம். ஜெயிப்பது தோற்பது எதுவும் இல்லை. கட்டலாம், தோண்டலாம், சும்மா நடந்துகொண்டே இருக்கலாம். அவளுக்கு டேப், எனக்கு அவள் அப்பாவின் பழைய லேப்டாப். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒரே உலகத்துக்குள் இரண்டு பேரும் நடக்கிறோம். ஓர் ஆற்றங்கரையில் எனக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தாள். ஜன்னல் வைக்க மறந்துவிட்டாள். நானே சுவரை உடைத்து வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தது, எழுந்தபோது ஏழு. வெட்கமாகத்தான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

குகைக்குள் செத்துப்போனேன். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை.

தாது தோண்டப் போனோம். அங்கே முள் முதுகோடு ஒரு பூதம் இருக்கிறது, பின்னாலிருந்து வந்து மோதும். முதல் தடவை சம்யு விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாவது தடவை, "அம்மா, அது உறுமிட்டே வருதுல்ல, திரும்ப வேண்டியதுதானே?" என்றாள். தோண்டுகிற கவனத்தில் இருந்தேன் என்றேன். ஆறாவது தடவை அவள் சிரிக்கவில்லை.

"பின்னாடி வருது, ஓடும்மான்னு கத்தினேனே."

"கத்தினியா? நான் கவனிக்கல சாமி."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி என்னவோ தட்டினாள். "செட்டிங்ஸ் சரியில்ல, மாத்தி வெச்சிருக்கேன்" என்றாள். குகைக்கு இனிப் போக வேண்டாம், ஆற்றங்கரையிலேயே இருப்போம் என்று அவளே சொன்னாள்.

பாவம், நான் செத்துச் செத்து அவளுக்கும் அலுத்துப்போயிருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன். பார்ட்டிகிள் என்கிறாள்.

"ஒண்ணுமில்லம்மா, தூள். புகை, பொறி, பூவிதழ் இந்த மாதிரி. தொட முடியாது, எடுத்து வெச்சுக்க முடியாது, அதால எதுவும் உடையாது, எதுவும் வளராது. பாக்க மட்டும்தான்."

"அப்புறம் எதுக்கு?"

"பாக்கத்தான்."

அதற்கு ஒரு கட்டளை எழுத வேண்டும். எந்தத் தூள், எந்த இடத்தில், எவ்வளவு அகலத்துக்குப் பரவ வேண்டும், எவ்வளவு வேகம், எத்தனை. இதே வரிசையில், நடுவில் இடைவெளி விட்டு. ஒரு புள்ளி தப்பினாலும் சிவப்பு எழுத்தில் திட்டுகிறது. சம்யு ஒரு விரலால் தேடித் தேடி அடிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்றேன். என்னிடம் வேறு என்ன இருக்கிறது, டைப்பிங்தானே. அவள் டேபில் குனிந்துகொண்டு எண்களைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வாசலில் நாலே நாலு பூவிதழ் உதிர வேண்டும், அவ்வளவுதான். கடைசி எண்ணை அடித்து முடித்ததும் திரை முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. வீடு தெரியவில்லை, ஆறு தெரியவில்லை. லேப்டாப் உறைந்துபோய் மின்விசிறி மாதிரி சுடுகாற்றை ஊதியது.

நான் நாலாயிரம் என்று அடித்திருக்கிறேன்.

"நீதானே நாலாயிரம்னு சொன்ன?"

"நாலு போதும், ஆயிரமெல்லாம் வேண்டாம்னு சொன்னேம்மா."

இரண்டு பேரும் சிரித்தோம். லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு எண்ணையும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்படிச் சொன்னால் நான் தப்பே விடுவதில்லை. ஜட்ஜ் அம்மாவுக்கும் இதை யாராவது சொன்னால் தேவலை.

ஜூலை 6, ஞாயிறு

பள்ளி விட்டு வந்ததும் தினமும் இதே வேலையாக இருந்திருக்கிறாள். ஆற்றங்கரை முழுக்க மினுமினுப்பு வைத்துவிட்டாள்.

முள் பூதம் எங்கே நடந்தாலும் காலடியில் நீலப் புகை கிளம்புகிறது. பின்னால் வந்தால்கூட இரண்டு பக்கமும் சுருண்டு முன்னால் வந்துவிடுகிறது. என் வீட்டு வாசலில் அவள் மணி அடித்தால் உள்ளே கூரையிலிருந்து மஞ்சள் பொறி கொட்டுகிறது. நெருப்புக் குழம்பு சுவருக்கு அந்தப் பக்கம் கொதித்தால் இந்தப் பக்கம் ஆரஞ்சுத் துகள் கசிகிறது. மழைக்கு முன்னால் இடி இடிக்குமாம், அந்த நேரத்தில் தரையெல்லாம் வெள்ளி. அவள் என்னைக் கூப்பிட ஒரு பித்தானை அழுத்தினால் என் காலைச் சுற்றி ரோஜா நிற இதழ்கள் எழும்புகின்றன. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும்.

ஒன்றுதான் புரியவில்லை. மாட்டுக்கு வைத்திருக்கிறாள், ஆட்டுக்கு வைத்திருக்கிறாள், கதவுக்கு, அருவிக்கு, தேனீக்கு வைத்திருக்கிறாள். பூக்களுக்கு ஒன்றுமே வைக்கவில்லை. மரத்துக்கும் இல்லை. அழகுக்கு என்றால் முதலில் பூவுக்குத்தானே வைக்க வேண்டும்?

சும்மா ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்று, "இந்த விளையாட்டுல மியூசிக் நல்லாருக்கு சம்யு" என்றேன்.

அவள் என் லேப்டாப்பை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு, "ஆமாம்மா, நல்லாருக்கு" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

சம்யுவுக்கு ஒரு புதுப் பழக்கம். நான் சமையலறையில் இருந்தால் கூப்பிடுவதில்லை. விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுகிறாள். பல்பு போய்விடும் என்று திட்டினேன். குக்கர் விசிலையும் அவளே எண்ணுகிறாள். படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறாள். வாசலில் யார் வந்தாலும் எனக்கு முன்னால் ஓடுகிறாள். ரோட்டில் நடக்கும்போது வண்டிகள் வரும் பக்கத்துக்கு அவள் வந்துவிடுகிறாள்.

பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

பெஞ்ச் கிளார்க் சதாசிவம் சார் இன்று, "என்னங்மா, மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பவே மாட்டேங்கறீங்க?" என்றார். ஜட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேஸ் கட்டுகளை எடுத்துக் கொடுப்பவர், எனக்கு எட்டடி தூரம். வேலை மும்முரம் என்றேன்.

இதை இங்கே எழுதி வைக்கிறேன். பஸ்ஸில் எனக்கு நன்றாகக் கேட்கிறது. இன்றுகூட அந்தக் கூட்டத்தில், எஞ்சின் போட்ட இரைச்சலில், பின் சீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மருமகளைப் பற்றிப் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது. காது மந்தமானவளுக்கு பஸ்ஸில் கேட்குமா? கேட்காது.

ஜூலை 23, புதன்

கோர்ட்டில் ஒரு திருத்தம். அவ்வளவுதான். சமைக்கவில்லை, ரொட்டி வாங்கிக்கொண்டோம்.

ஜூலை 24, வியாழன்

நேற்று எழுதியது பொய். அவ்வளவுதான் இல்லை.

ஒரு வரப்புத் தகராறு வழக்கு. கம்பால் அடித்ததாக ஒரு பையன் மேல் கேஸ். பையன் என்றால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். சாட்சி நாச்சம்மாள், பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவர். கூண்டில் ஏறியதும் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டார். பயத்தில் குரல் பாதிதான் வந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

முடிந்ததும் வழக்கம்போல் சதாசிவம் சார் வாக்குமூலத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்டினார். "கம்பு அவன் கையில் இருந்தது. அடித்ததை நான் பார்த்தேன்."

நாச்சம்மாள் முந்தானையை எடுத்துவிட்டு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்: "நான் அப்படிச் சொல்லலீங்களே. கம்பு இருந்துச்சுங்க. அடிச்சத நான் பாக்கலீங்க."

ஜட்ஜ் அம்மா தன் குறிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருத்தச் சொன்னார். திருத்தினேன். கையெழுத்து வாங்கினார்கள். கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பையன் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை.

தவறு யாருக்கும் வரும். ஆனால் இது தட்டச்சுப் பிழை இல்லை. 'அடித்ததை நான்' வரைக்கும்தான் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு முந்தானைக்குள் போய்விட்டது. மீதியை நானே போட்டுக்கொண்டேன். கம்பு கையில் இருந்தது என்றால் அடித்ததைப் பார்த்துத்தானே இருப்பார் என்று என் விரல் தானாக முடித்துவிட்டது. காதில் விழாததை எழுதினேன்.

சாயங்காலம் ஜட்ஜ் அம்மா சேம்பருக்குக் கூப்பிட்டார். "வளர்மதி, உடம்பு சரியில்லையா?"

"தலைவலிங்க மேடம்."

"ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க."

சரி என்று வந்துவிட்டேன். தலை வலிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

லீவில் இரண்டாவது நாள். சம்யு பள்ளியிலிருந்து வந்து, இன்றும் ஏன் வீட்டில் இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பையை வைத்தாள், டேபை எடுத்தாள், எனக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். ஆற்றங்கரையில் ஒன்றுமே செய்யாமல் நின்றேன். அவள் எங்கேயோ மலை மேல் இருந்தாள். என் காலைச் சுற்றி ரோஜா இதழ்கள் எழும்பின. நிமிர்ந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கூப்பிட்டேன்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அவர் நேற்றே வந்துவிட்டார். காலையில் ஆற்றுக்குப் போய் வந்தோம். தண்ணீர் நிறையப் போகிறது, படித்துறையில் நிற்க இடமில்லை. சித்ரான்னம் மூன்று வகை செய்தேன். தேங்காய்ச் சாதம் அவருக்குப் பிடித்தது, சம்யு தொடவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் ஊஞ்சலில் படுத்திருந்தார். நானும் சம்யுவும் மேஜையில். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"என்ன மதி, ரெண்டு பேரும் ஊமைப் படம் பாக்கற மாதிரி உக்காந்திருக்கீங்க? சத்தமே வரலியே?"

நான் சம்யுவைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்து வேகமாகத் தலையை ஆட்டினாள், சொல்லாதீர்கள் என்பதுபோல. ஆனால் அதற்குள் அவர் சொல்லிவிட்டார். லேப்டாப் மூலையில் பார்த்தேன். ஸ்பீக்கர் படத்தின் மேல் ஒரு குறுக்குக் கோடு. எழுந்து போய் அவள் டேபைப் பார்த்தேன். அதிலும் கோடு.

"எப்பருந்து?"

"நீ குகைல செத்தியே, அன்னிலருந்து."

ஒன்றரை மாதம். ஒன்றரை மாதமாக அந்த விளையாட்டில் எதுவும் கேட்கவில்லை என்பதை அவளிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு அங்கே எதுவுமே இருக்கவில்லை. மியூசிக் நல்லாருக்கு என்று சொன்னேனே, அதை நினைத்ததும் முகம் எரிந்தது.

"ஏன் சாமி அணைச்சு வெச்ச?"

அவள் முகத்தை என் பக்கம் நேராகத் திருப்பிக்கொண்டுதான் பேசினாள். "எனக்கு மட்டும் கேட்டா, நீயும் நானும் வேற வேற உலகத்துல இருக்கற மாதிரி இருந்துச்சும்மா. அதான் நானும் அணைச்சுட்டேன். அப்பறம் எது எது வருதுன்னு எனக்கே தெரியல. அதுக்குத்தான் பார்ட்டிகிள் வெச்சேன். நமக்கு ரெண்டு பேருக்கும்."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"நீ யார்கிட்டயும் சொல்லலியே. அதான் நானும் சொல்லல."

பதினாலு வயது இன்னும் ஆகவில்லை இவளுக்கு.

அழுதேன். நான் அழுத சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து, அவரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு வருசமா போன்ல நான் என்ன சொன்னாலும் சரிங்க, சரிங்கன்னே சொல்லிட்டிருந்த. வண்டி மோதி முட்டி வீங்கிடுச்சுன்னு சொன்னப்பக்கூட சரிங்கன்ன. என்மேல கோவம்னு நினைச்சுட்டிருந்தேன் மதி."

முட்டி வீங்கியது எனக்கு இன்றுதான் தெரியும். வேட்டியை ஒதுக்கிக் காட்டினார். தழும்பு பழையதாகிவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோர்ட் ஆரம்பிக்கும் முன்பே சேம்பருக்குப் போனேன். அவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

"மேடம், எனக்குக் காது சரியாக் கேக்கறதில்லைங்க. தலைவலின்னு சொன்னது பொய்ங்க." மனப்பாடம் செய்துகொண்டு போன இரண்டு வரி. அதற்குப் பிறகு சொன்னது மனப்பாடம் இல்லை. நாச்சம்மாள் வாக்குமூலத்தைப் போல, ஜூன் மாதத்திலிருந்து நான் ஊகித்து முடித்த இடங்கள் இன்னும் மூன்று இருக்கின்றன. எந்த வழக்கு, எந்த சாட்சி, எந்த வரி என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதுதான் அசிங்கம். மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஜட்ஜ் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கம் நேராகத் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "என் குறிப்போட ஒத்துப் பாக்கறேன். வக்கீல்கள்கிட்டயும் சொல்லணும், மறைக்க முடியாது. நீங்க முதல்ல டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் நகல் பிரிவு. அங்க பாத்து அடிக்கற வேலைதான்."

வெளியே வந்து நேராக நகல் பிரிவுக்குப் போனேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கழுத்து வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஈரோட்டில் காது டாக்டர். சம்யுவும் வந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வழக்கம்போல் ஊகித்துத் தூக்கிவிடலாம் என்று கை துடித்தது. கண்ணாடிக்கு வெளியே சம்யு நின்றுகொண்டிருந்தாள். கேட்டபோது மட்டும் தூக்கினேன். நெடுநேரம் கை மடியிலேயே கிடந்தது.

காதுக்குள் அரிசி மணியைவிடச் சின்ன எலும்பு ஒன்று இருக்கிறதாம். அது அசைந்தால்தான் சத்தம் உள்ளே போகுமாம். எனக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்திருக்கிறது, பல வருஷமாக. பஸ்ஸில் நன்றாகக் கேட்கிறதே என்றேன். டாக்டர் சிரித்தார். "இந்த மாதிரி இருக்கறவங்க நிறையப் பேர் இதையே சொல்வாங்க. இரைச்சல் உங்களுக்கு அவ்வளவா ஏறாது. இரைச்சல்ல மத்தவங்க குரலை உயர்த்திப் பேசுவாங்க, அது உங்களுக்குக் கேக்கும்."

என்னுடைய ஒரே சாட்சியமும் போயிற்று.

ஆபரேஷன் செய்யலாம், அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். இப்போதைக்கு மெஷின். அளவெடுத்திருக்கிறார்கள், இரண்டு வாரம் ஆகும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, "நீ எப்படி சம்யு கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பதில் சொன்னாள்: "நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கூப்பிட்டேன்ல, பரீட்சை லீவுல. நீ வரல. அப்பவே சந்தேகம்."

அவள் விழுந்ததே எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டாப் வரும்வரை விடவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நெளிந்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

நான் எழுதிக் கொடுத்த மூன்று இடங்களில் இரண்டு சரியாகவே இருந்தன. ஒன்றில் ஒரு வாரக் கிழமை தப்பு, இரண்டு பக்க வக்கீல்களும் ஒப்புக்கொண்டு திருத்தியாயிற்று. சதாசிவம் சார் நகல் பிரிவுக்கே வந்து சொன்னார். என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, நான் நிமிரும்வரை காத்திருந்து சொன்னார்.

ஆகஸ்ட் 23, சனி

மெஷின் வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு முந்திரிப் பருப்பு மாதிரி.

உலகம் எவ்வளவு அதட்டலாக இருக்கிறது! குழாய்த் தண்ணீர் அதட்டுகிறது. பிளாஸ்டிக் பை அதட்டுகிறது. என் செருப்பு என் பின்னாலேயே யாரோ வருவதுபோல் சப்தம் போடுகிறது, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் கழற்றி வைத்துவிட்டேன். முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்கு போன் போட்டு முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது ஆறி எட்டு மாதமாகிறது என்றார். பரவாயில்லை, சொல்லுங்கள் என்றேன். முழுவதும் சொன்னார். சரிங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை நான்.

செப்டம்பர் 1, திங்கள்

மறுபடி கோர்ட் ஹால். மெஷின் தெரியாமலிருக்க முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஏறும்போது காற்றில் எல்லாம் பறந்து, எல்லோரும் பார்த்தாயிற்று. விட்டுவிட்டேன்.

மூன்றாவது வழக்கில் ஒரு லாரி டிரைவர் சாட்சி. வேகமாகப் பேசினார். ஒரு வரியின் நடுவில் வக்கீல் ஒருவர் நாற்காலியை இழுத்தார், இரண்டு சொல் எனக்கு அகப்படவில்லை. விரல்கள் அப்படியே போகப் பார்த்தன. நிறுத்தினேன். எழுந்து நின்றேன்.

"மேடம், கேக்கலைங்க. சாட்சி இன்னொரு தடவை சொல்லட்டுங்க."

இவ்வளவு பேருக்கு நடுவில் இதைச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. ஜட்ஜ் அம்மா சாட்சியைப் பார்த்து, "நிறுத்தி, சத்தமாச் சொல்லுங்க" என்றார். டிரைவர் சொன்னார். அடித்தேன். 'இடது பக்கம்' என்று சொல்லியிருக்கிறார். நான் 'வலது' என்று போட்டிருப்பேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று முதல் தடவையாக விளையாட்டுக்குச் சத்தம் வைத்தோம். இரண்டு பேருக்கும். குறுக்குக் கோட்டை அவள்தான் எடுத்தாள்.

ஆறு உண்மையிலேயே சலசலக்கிறது. மியூசிக் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எப்போதாவது இரண்டு மூன்று ஸ்வரம் வந்துவிட்டு நின்றுவிடுகிறது. நான் புகழ்ந்த அளவுக்கு இல்லை. சம்யுவிடம் சொன்னேன், அவளும் ஒப்புக்கொண்டாள்.

"இனி பார்ட்டிகிள் எல்லாத்தையும் எடுத்துடவாம்மா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். அதோடு, நானே ஒன்று செய்து வைத்திருந்தேன், அவளுக்குத் தெரியாமல், இந்த வாரம் முழுக்க அவள் டியூஷன் போகும் நேரத்தில். மலை மேல் அவள் தனக்குக் கட்டிக்கொண்ட வீட்டு ஜன்னலுக்கு வெளியே எப்போதும் வெள்ளைப் பூந்தூள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். சத்தத்துக்காக இல்லை, எதற்காகவும் இல்லை. பார்க்க மட்டும். கட்டளையை யார் உதவியும் இல்லாமல் நானே எழுதினேன். நாலு முறை சரிபார்த்தேன். "ஜன்னலைப் பாரு" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஜன்னலில் ஒன்றுமே இல்லை.

எங்கே போயிற்று என்று இரண்டு பேரும் தேடினோம். ஆற்றங்கரையில் ஒரு மாடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் வாலிலிருந்து வெள்ளைப் பூந்தூள் பூ பூவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இடத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் மாட்டைக் குறித்து வைத்திருக்கிறேன். மாடு திரும்பியது, தூளும் திரும்பியது. மாடு "ம்மா" என்றது, வாலிலிருந்து இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

சம்யு சிரிக்க ஆரம்பித்தாள். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, முதுகு குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் சிரிப்பின் கடைசியில், மூச்சு உள்ளே போகும்போது, ஒரு சின்ன விக்கல் சத்தம் வந்தது. மறுபடி சிரித்தாள், மறுபடி வந்தது. சின்னக் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு அது கிடையாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"அது என்னடா, சிரிச்சு முடிக்கையில ஒரு சத்தம் வருது? எப்பருந்து?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஆறாவதுலருந்தே இப்படித்தாம்மா. எங்க கிளாஸ்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சாதாரணமாகத்தான் தலையை ஆட்டினேன். பிறகு அந்த மாட்டைப் புல்லைக் காட்டி மெதுவாக மலை மேல் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய், அவள் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினேன்.